ஹாவ்லக்கில் சாப்பாட்டு விலை

ஹாவ்லக் தீவுக்குப் போய் வந்தவர்கள் இரண்டு சங்கதி சொல்வார்கள். ஒன்று, ராதாநகர் கடற்கரையின் அழகு. மற்றொன்று, சாப்பாட்டுக்குக் கொடுத்த பணம். 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய இத்தீவில் பயணிக்கு அது இரண்டு நாள் செலவு. கூலி வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கோ தினப்படிச் செலவு.

விலை ஏறுவதற்கு முதல் காரணம் கடல். அந்தமானில் ரயில் பாதை கிடையாது. நாசிக் வெங்காயம் சென்னை வரை தரை வழியே வரும். அங்கிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அங்கே இறக்கி, மறுபடி படகில் ஏற்றி ஹாவ்லக்குக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு துறையிலும் ஏற்றுகூலி, இறக்குகூலி, அழுகல் நஷ்டம். கடல் சீறினால் படகும் நின்றுவிடும். 2016 டிசம்பரில் அப்படித்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹாவ்லக்கிலும் நீல் தீவிலும் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன.

இரண்டாவது காரணம், வந்தவருக்கு வேறு போக்கிடம் இல்லாதது. சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்குக்குப் பெயர்போன ஜெர்மாட்டிலும் இதே கதைதான். பயணிகளின் கார் ஊருக்குள் போகக்கூடாது, பெரும்பாலோர் ரயிலில்தான் போகிறார்கள். போனபின் அங்கே கேட்கும் விலையைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆனால் எல்லா விலைக்கும் கடலையே சாக்காகச் சொல்ல முடியாது. மீன் இங்கேயே பிடிபடுகிறது. தேங்காயும் வாழையும் இங்கேயே விளைகின்றன. கோவிந்த்நகர் கடைத்தெருவின் சாதாரணச் சாப்பாட்டுக் கடைக்கும் கடற்கரை விடுதிக்கும் உள்ள வித்தியாசம் நாற்காலிக்கும் காற்றுக்கும் கொடுக்கும் காசு.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு அதில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக் கூடாது. தீவு என்பதால் விலக்கு இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து குடித்தால் கூடுதல் வாங்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கடையில் அதிகம் கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

தீவு விடுதிகளில் கட்டட வேலைக்கோ சமையல் வேலைக்கோ கூப்பிட்டால், சம்பளத் தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு படகு ஏறிவிடாதீர்கள். மூன்று வேளைச் சாப்பாடு சம்பளத்தோடு சேர்ந்ததா, பிடித்தம் உண்டா, படகு வராத நாளில் என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள். சாப்பாடு நம் பொறுப்பென்றால் நாலு பேர் சேர்ந்து அரிசி, பருப்பு, புளியைத் தலைநகரிலேயே வாங்கிக்கொண்டு போவது உத்தமம். இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் சாப்பாட்டுக் கடையிலேயே கரைந்துவிடும்.