வாய்ப் புற்றுநோயும் கூட்டுச் சிகிச்சையும்

பயிரில் ஓர் இலை சுருண்டாலும் விவசாயி உடனே காரணம் தேடுகிறார். ஆனால் தம் வாயில் தோன்றிய புண் மாதக்கணக்கில் ஆறாதிருந்தாலும், வலியில்லை என்று வாளாவிருந்துவிடுகிறார். வாய்ப் புற்றுநோய்க்கு இடமளிப்பது இந்த அசட்டையே.

சிவகாசி வட்டாரத்து மக்களுக்குத் தீப்பொறியின் இயல்பைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசுத் தொழிற்சாலைக்குள் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் இடமில்லை. கன்னத்தில் அடக்கும் புகையிலையோ கண்ணுக்குத் தெரியாத பொறியாகும். அது நாள்தோறும் படும் இடத்திலேயே பலருக்குப் புற்று தோன்றுகிறது.

இந்நோய்க்குச் சிகிச்சை காண நம் மாநிலத்தில் நடைபெற்ற ஆராய்ச்சி அறியத்தக்கது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் 1954-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பெற்றது. அவருடைய புதல்வர் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955-ஆம் ஆண்டு பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர். அங்கு வந்த வாய்ப் புற்றுநோயாளிகளுள் பலர் நோய் முற்றிய பின்னரே வந்தனர். கதிர்வீச்சுச் சிகிச்சை மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. ஆகவே கதிர்வீச்சுடன் மருந்தையும் சேர்த்தளிக்கும் முறையை இவ்விருவரும் ஆராய்ந்தனர்.

அவர்கள் பயன்படுத்திய மருந்துகளுள் ஒன்று பிளியோமைசின். ஜப்பானிய விஞ்ஞானி உமேசாவாவும் அவர்தம் குழுவினரும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்து, 1966-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தனர். புற்றணுக்கள் ஓயாது பிளந்து பெருகுபவை. கதிர்வீச்சு அவற்றின் உட்கருவைச் சிதைக்கிறது. இம்மருந்தும் அவ்வுட்கருவின் இழைகளை அறுக்கிறது. இரண்டும் சேர்ந்து தாக்குங்கால் புற்றணு பிழைப்பது அரிதாகிறது.

புதிய உரத்தின் பயனை அறிய விரும்பும் விவசாயி யாது செய்கிறார்? ஒரே வயலில் ஒரு பகுதிக்கு அதனை இட்டு, மறு பகுதிக்கு இடாமல், இரண்டின் விளைவையும் ஒப்பிடுகிறார். மருத்துவ ஆராய்ச்சியும் இவ்வாறே நடைபெற்றது. கன்னத்தின் உட்புறத்தில் நோய் முற்றியவர்களில் ஒரு சாராருக்குக் கதிர்வீச்சு மட்டும் அளிக்கப்பட்டது. மறு சாராருக்கு மருந்தும் சேர்க்கப்பட்டது. இரண்டும் பெற்றவர்களிடம் புற்று முற்றிலும் மறைவது கூடுதலாகக் காணப்பட்டது. இம்முடிவை இருவரும் 1980-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

இன்று கதிர்வீச்சுடன் சேர்த்துப் பெரும்பாலும் வழங்கப்பெறும் மருந்து சிஸ்பிளாட்டின் என்பதாகும். எனினும் இரு சிகிச்சைகளை இணைக்கும் கொள்கை மாறவில்லை. நோய் தொடக்க நிலையில் இருந்தாலோ, அறுவைச் சிகிச்சை ஒன்றே பலருக்குப் போதுமானதாகிறது. முற்றிய நோய்க்கு மும்முறைச் சிகிச்சையும் வேண்டியிருக்கும். செலவும் துன்பமும் பெருகும். குணமாகும் வாய்ப்பும் குறையும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். இம்மருந்துகள் வாந்தி, சோர்வு, வாய்ப்புண் முதலியவற்றை உண்டாக்கக்கூடும். அவற்றுக்கு அஞ்சியோ, புண் ஆறிவிட்டதென்று எண்ணியோ சிகிச்சையை இடையில் நிறுத்தலாகாது. களையின் தலையைக் கொய்து வேரை விட்டால் அது மீண்டும் தழைப்பது போல், எஞ்சிய புற்றணுக்களும் பெருகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் பெருந்தொண்டு புரியலாம். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயில் வெண்மையான அல்லது சிவந்த படலம், வாயைத் திறக்க இயலாமை, கழுத்தில் கட்டி ஆகிய அறிகுறிகளைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். தகுதியுடைய குடும்பங்கள் அதன் அட்டையைப் பெற உதவலாம். கூலியை இழந்து வெளியூர் சென்று சிகிச்சை பெறுபவர் அதனை இடையில் கைவிடாதிருக்கத் துணை நிற்கலாம்.

டாக்டர் சாந்தா 2021-ஆம் ஆண்டு காலமானார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஆற்றிய பணியின் பயன், நோயாளி உரிய காலத்தில் மருத்துவரை அடைந்தால்தான் முழுமையாகக் கிட்டும். அந்த முதற் பயணத்தைத் தொடங்கி வைப்பது கிராமத்தின் கையில் உள்ளது.