மீன் கடிக்கும் இடமே ஆளை இழுக்கும் இடம்!

காலை மணி 5-45. பட்டினப்பாக்கம் கடற்கரை. கிழக்கு வெளுத்துக் கொண்டிருந்தது.

ஆபீஸ் போகுமுன் தூண்டில் போட வந்திருந்தார் ஒருவர். பலம் கொண்ட மட்டும் சுழற்றி வீசினார். ஈயக் குண்டு அலைகளைத் தாண்டிப் போய் விழுந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு கொத்துகூட இல்லை!

பத்தடி தள்ளிக் குப்பத்துப் பெரியவர் ஒருவர். இருபதடி தூரத்தில்தான் போட்டார். அவர் வாளியில் 6 கிழங்கான்!

"இன்னா சார், சிலோன் வரைக்கும் வீசறீங்க? மீனு காலாண்டதான் கீது" என்று சிரித்தார்.

கடலில் மூழ்கியவர்கள் செய்திக்காகவே இந்தக் கரைக்கு வந்து பழகியவன் நான். மீன் செய்திக்கு வந்தது இதுதான் முதல் தடவை. ஆனால் பெரியவர் விரல் நீட்டிக் காட்டிய இடத்தைப் பார்த்ததும் திக்கென்றது.

கறுப்புத் தண்ணீர்

அலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடைவதில்லை. அடியில் மணல் மேடு இருந்தால் வெள்ளை நுரையாக உடையும். நடுவே ஓரிடத்தில் மட்டும் நுரை இராது. தண்ணீர் கறுத்து, அமைதியாகத் தெரியும். அங்கேதான் பள்ளம். கரையேறிய தண்ணீர் திரும்பக் கடலுக்கு ஓடும் வாய்க்கால் அது. அலை கிளறிவிட்ட புழு, பூச்சி, குட்டி இறால் எல்லாம் அதில் அடித்து வரும். தின்பதற்குக் கிழங்கானும் கெளுத்தியும் குட்டிப் பாறையும் வந்து நிற்கும்.

குளிக்க வரும் வெளியூர்க்காரர் கண்ணில் படுவதும் அதேதான். "இங்கே அலையே இல்லை" என்று இறங்குவார். இடுப்பளவுத் தண்ணீர் நாலு எட்டில் தலைக்கு மேலே போய்விடும். ஓட்டம் உள்ளே இழுக்கும். மெரினாவில் குளிக்கத் தடை போட்டிருப்பது சும்மா இல்லை! எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம்கூட, 1930-ல் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமிக்குக் கட்டியதுதான்.

வெறும் முள்!

தூண்டில்காரர் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். ஈர மணலில் நின்றபடி, நுரையும் கறுப்பும் சேரும் ஓரத்தில் குண்டைப் போட்டால் போதும். காலை வெயில் எதிரே கண் கூசும், பள்ளம் தெரியாது. முதல் நாள் சாயங்காலம் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போதே பார்த்து வைத்துக் கொள்வது நல்லது.

கிழங்கானுக்கு வாய் சின்னது. பெரிய முள்ளில் முழு இறாலைக் குத்தினால் பிய்த்துத் தின்றுவிட்டுப் போய்விடும். சின்ன முள்ளில், தோல் உரித்த இறாலில் விரல் நுனி அளவு துண்டுதான் சரி. ஐஸில் கிடந்து கூழான இறால் அலையில் கழன்று விடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பார்க்காவிட்டால் வெறும் முள்ளுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். நம் ஆபீஸ்காரர் அதைத்தான் செய்து கொண்டிருந்தார்!

கரையோர ஓட்டம் தென்மேற்குப் பருவத்தில் வடக்கேயும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் போகும். குண்டு உருண்டு கொண்டே போனால் நரம்பு தளர்ந்து, கடித்தாலும் தெரியாது. கனமான குண்டாக மாற்ற வேண்டும். விடியலும் அந்தியும் கடல் ஏறும் நேரத்தோடு சேர்ந்து வந்தால் வேட்டைதான். உச்சி வெயிலில் நிற்பது வீண்.

கெளுத்தி விழுந்தால் ஜாக்கிரதை. முதுகிலும் இரண்டு பக்கமும் முள். குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும். வீக்கம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மணி ஏழரை. ஆபீஸ்காரர் கிட்டத்திலேயே போட்டார். வெடுக்கென்று ஓர் இழுப்பு. ஒரு ஜாண் கிழங்கான்! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் நாலு பையன்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக அந்தக் கறுப்புத் தண்ணீரை நோக்கி நடந்தார்கள். பெரியவர் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடினார்.

"டேய், அங்க எறங்காதே!"

"கடலு இன்னா உன்னுதா, பெர்சு?"

"இஸ்துகினு பூடும்டா! மாட்டிக்கினா நேரா கரைக்கு நீஞ்சாதே. பக்கவாட்டுல நீஞ்சி நுரை அடிக்கிற எடத்துக்குப் போவணும். உனக்கு நீச்சல் தெரியுமா?"

ஒருவனுக்கும் தெரியாது.

எட்டரை மணிக்கு நான் புறப்பட்டபோது நாலு பேரும் மணலில் குந்தி வாளியை எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அதில் இப்போது 9 மீன்.