குளிரில் ஒரு பழைய வேன்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் சிறிது நேரம் நின்றால், மோட்டார் வாகனங்களின் ஊர்வலத்தையே காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010 முதல் கார்களும் 2012 முதல் லாரிகளும் பிறக்கின்றன. இக்கார்களின் முன்பலகையில் நீலக் கோட்டுக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடும் இருப்பதை நண்பர்கள் பலர் கவனித்திருக்கலாம். நீலம் குளிர்ச்சிக்கு, சிவப்பு வெப்பத்துக்கு. மார்கழியிலும் மின்விசிறி சுழலும் நம் வட்டாரத்தில் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு என்ன வேலை?

வண்டி இங்கேயே நின்றுவிடுவதில்லை என்பதே விடை. நாமக்கல் லாரி வட மாநிலங்களுக்குப் போகிறது. விடுமுறையில் நாம் வாடகை வேனில் உதகைக்குப் போகிறோம். வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கிச் செல்லும் ‘கேரவன்’ பயணமும் இன்று தென்னாட்டில் பரவி வருகிறது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் அங்கே அறிமுகமான கேரவன் ஒன்று, நம் ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டதாகும். புதிய வண்டி வாங்க இயலாதவர்கள் பழைய வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போட்டுக்கொள்கிறார்கள். அத்தகைய பழைய வேனில் குளிர்கால இரவைக் கேடின்றிக் கழிப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மலையின் கணக்கு

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் மேலே சென்றால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே, சமவெளியைவிட அங்கே 14 டிகிரி அளவுக்குக் குளிர் மிகுதி. தை மாத இரவில் நமக்கு 20 டிகிரி என்றால் அங்கே ஐந்தாறு டிகிரிதான். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிடுவதால் பள்ளத்தாக்குகளில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. இமயத்தை நோக்கிச் செல்லும் லாரிக்கோ இது வெறும் முன்னுரை.

வெப்பம் எங்கே போகிறது?

வேனின் உடல் மெல்லிய இரும்புத் தகடு. இரும்பு வெப்பத்தை நன்கு கடத்தும். அசையாத காற்றோ அரிதில் கடத்தும். ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. இரும்புத் தகடு காற்றைத் தடுக்குமேயன்றி வெப்பத்தைத் தடுக்காது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். வேனின் புறப்பரப்பு 20 சதுர மீட்டர் எனக் கொள்வோம். வெளியே 5 டிகிரி. உள்ளே 20 டிகிரி வேண்டும். வெறும் தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 5 வாட் வெளியேறும். மொத்த இழப்பு 1,500 வாட். அதாவது, 750 வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டை இரவு முழுவதும் எரிய விடுவதற்குச் சமம். அதே தகட்டின் உட்புறம் 25 மில்லிமீட்டர் கனத்தில் நுரைப் பலகை ஒட்டினால் இழப்பு ஏறத்தாழ 330 வாட்டாகக் குறைகிறது. உறங்கும் மனிதர் ஒருவரின் உடல் சுமார் 75 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நால்வர் உறங்கினால் 300 வாட்! கண்ணாடிகளும் காற்றோட்டமும் தம் பங்கைக் கொண்டுபோகும் என்பது உண்மையே. ஆயினும், வெப்பத்தை உண்டாக்குவதைவிட உள்ள வெப்பத்தைக் காப்பதே முதல் வேலை என்பது இதனால் விளங்கும்.

கூரை, பக்கங்கள், தரை ஆகிய மூன்றுக்கும் நுரைப் பலகை வேண்டும். தகட்டைத் தாங்கும் இரும்பு விலாச் சட்டங்களையும் மூட வேண்டும். இல்லையேல் வெப்பம் அவற்றின் வழியே ஓடிவிடும். கண்ணாடிக்குக் கனத்த திரையோ, அளவாக வெட்டிய நுரைத் தட்டியோ போதும். ஓட்டுநர் இருக்கைப் பகுதியை ஒரு திரையால் பிரித்துவிட்டால் காக்க வேண்டிய இடமும் குறையும். கதவின் ரப்பர் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் அதை மாற்றுவது மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும்.

ஆனால் எல்லாத் துளைகளையும் அடைத்துவிடக் கூடாது. உறங்கும் ஒருவரின் மூச்சும் தோலும் ஓர் இரவில் கால் லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக வெளியிடுகின்றன. அந்த ஆவி குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்து, நுரைக்குப் பின்னால் துருவாக மாறும். எனவே நுரைப் பலகையை இடைவெளியின்றித் தகட்டோடு ஒட்ட வேண்டும். கூரை அருகே ஒன்று, தரை அருகே ஒன்று என இரு சிறு காற்று வழிகளும் திறந்தே இருக்க வேண்டும்.

எஞ்சின் தரும் இலவச வெப்பம்

எஞ்சினில் எரியும் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வீணாகிறது. எஞ்சினைச் சுற்றி வரும் நீரின் வெப்பநிலை 80 முதல் 90 டிகிரி வரை இருக்கும். அந்நீரில் ஒரு பகுதியை முன்பலகைக்குப் பின்னால் உள்ள கையடக்கமான ரேடியேட்டருக்குத் திருப்பி, அதன் மேல் விசிறிக் காற்றைச் செலுத்தினால் வெந்காற்று கிடைக்கிறது. சிவப்புக் கோட்டின் மர்மம் இவ்வளவே.

பழைய வேனில் இந்த ஹீட்டர் வேலை செய்யாவிட்டால், எஞ்சின் சூடான பின்பு அதற்குச் செல்லும் இரு ரப்பர்க் குழாய்களையும் மேலாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால் உள்ளே துருச்சேறு அடைத்திருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் கதவு அது. நம் ஊர் வெயிலில் எஞ்சின் கொதிக்கிறது என்று பட்டறைகளில் அதைக் கழற்றி வைத்துவிடும் வழக்கம் உண்டு. சமவெளியில் அதன் குறை தெரியாது. மலையேறிய பிறகு எஞ்சினும் சூடாகாது, ஹீட்டரும் சூடாகாது, டீசல் செலவும் கூடும்.

ரேடியேட்டரில் வெறுந்தண்ணீர் ஊற்றும் பழக்கமும் அப்படியே. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகி, எஞ்சினின் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே 35 டிகிரியிலும் அது உறையாது.

நின்ற வண்டியில் நெருப்பு

எஞ்சினை நிறுத்தியதும் ஹீட்டரும் சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆபத்து தொடங்குவது இங்கேதான். குளிர் தாங்காமல் சிலர் இரும்புச் சட்டியில் கரி மூட்டி வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தணலாகிவிட்ட கரியில் புகை தெரியாது. அதனாலேயே அது பாதுகாப்பானது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் போதிய காற்றின்றி எரியும் கரி, கார்பன் மோனாக்சைடை உண்டாக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். உறங்குபவருக்கு இந்த அறிகுறிகளும் தெரிவதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்து உறங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகள் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. வேனின் கொள்ளளவு அறையைவிடச் சிறியது. நச்சு நிறையும் நேரமும் அதற்கேற்பக் குறைவு. கேஸ் அடுப்பை எரியவிட்டு உறங்குவதும், எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதும் இதைப் போன்றவையே.

ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபெர்ஸ்பேகர் போன்ற நிறுவனங்களின் டீசல் ஹீட்டர்கள் இதற்கு ஒரு வழி கண்டுள்ளன. அவற்றின் எரிகலம் மூடப்பட்டது. எரியத் தேவையான காற்றை வண்டிக்கு வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியே விடுகிறது. எரிகலத்தின் வெளிச்சுவரைத் தடவிச் செல்லும் காற்றே உள்ளே வருகிறது. இரண்டு கிலோவாட் ஹீட்டருக்கு மணிக்குக் கால் லிட்டர் டீசல் போதும். இங்கும் புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருத்தல் ஆகாது. விலை குறைவான கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் படுக்கையருகே மாட்ட வேண்டும்.

இதற்கு வசதியில்லாதவர்க்கும் வழி உண்டு. நுரைப் பலகை, நல்ல கம்பளி, படுக்கும் முன் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய ஒரு ரப்பர்ப் பை: உதகைக் குளிருக்கு இவை போதும்.

2025 முதல் புதிதாகச் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. ஓட்டுநரின் வெயில் துன்பத்தைச் சட்டம் கவனித்துவிட்டது. பனியில் உறங்கும் ஓட்டுநரையும் பயணியையும் காக்க, கல்லூரியில் நாம் படிக்கும் எளிய பௌதிகமே போதுமானது. இக்கல்லூரி மாணவர் பலரின் வீட்டில் ஒரு தந்தையோ, அண்ணனோ, மாமனோ வண்டி ஓட்டுகிறார். அவர் மலைப்பாதையில் புறப்படும் முன், நெருப்பு வண்டிக்கு வெளியே இருக்கட்டும் என்ற ஒரு சொல்லை அவரிடம் சொல்லி அனுப்புவது நம் கடமையாகும்.