நாயின் மௌனம்

மகாபாரதத்து ஆதிபருவத்தில் ஏகலைவன் கதை நிகழும் இடத்தில் ஒரு நாய் வருகின்றது. வேட்டைக்குச் சென்ற பாண்டவரோடு போந்த அந்நாய், வனத்திலே தனித்து வில் பயின்றுகொண்டிருந்த வேடச் சிறுவனைக் கண்டு குரைத்தது. அவன் அதன் வாயை ஏழு அம்புகளால் அடைத்தான். குரைப்பொழிந்து மீண்டுவந்த நாயைக் கண்ட பாண்டவர், அம்பெய்தவனுடைய கைவன்மையை வியந்து அவனைத் தேடிச் சென்றனர். அதன்பின் கதை துரோணரை நோக்கியும் ஏகலைவனது கட்டைவிரலை நோக்கியும் விரைகின்றது. வாயிலே அம்பு தாங்கி நின்ற பிராணிக்குப் பின்னர் யாது நேர்ந்தது என்பதை வினாவுவார் எவருமிலர்.

குரைக்கும் இயல்புடைய பிராணி குரையாது நிற்பின் அதற்கு ஒரு காரணம் உண்டு என்பதைப் பாண்டவர் உடனே உணர்ந்தனர். இன்றைய வீடுகளிலோ அவ்வுணர்ச்சியும் அரிதாகின்றது. இரவெல்லாம் குரைத்து அயலவரின் வசையைத் தேடித்தந்த நாய் இரண்டு நாளாக வாய் திறவாதிருப்பின், ‘இப்போதாவது புத்தி வந்ததே’ என்று வீட்டுக்காரர் மகிழ்கின்றனர். சத்தமிடும் நாயைப் பற்றி முறையிடுவார் பலர். சத்தமிடாத நாயைப் பற்றி முறையிடுவார் இல்லை. நாயின் துன்பம் பல சமயங்களிற் காலந்தாழ்த்தி அறியப்படுதற்கு இதுவே முதற் காரணம்.

அமைதியான நாய்கள் எல்லாம் நோயுற்றவை என்று கொள்ளுதலும் பிழையாகும். வளர்ந்த நாயொன்று நாளிற் பாதிநேரம் வரையில் உறக்கத்திலேயே கழிக்கின்றது. முதுமையடைந்த நாயும் சிறு குட்டியும் அதனினும் மிகுதியாக உறங்கும். சித்திரை வைகாசி வெயிலில் நண்பகலில் வாழையடியிலோ கிணற்றடியிலோ குழிபறித்துக் கிடக்கும் நாயைக் கண்டு எவரும் அஞ்சவேண்டியதில்லை. கொங்கோ நாட்டுப் பகுதியிலிருந்து வந்த பசென்சி என்னும் சாதி நாய் ஏனைய நாய்களைப்போலக் குரைப்பதேயில்லை. பாடுவது போன்ற வேறொரு குரலையே எழுப்பும். ஆகவே இந்நாய் அந்நாயினும் அமைதியானதா என்பது வினாவன்று. இந்நாய் நேற்று இருந்ததினும் வேறாக இருக்கின்றதா என்பதே வினா. படலை திறக்கும் ஓசைக்கு எழுந்து ஓடுவது, சோற்றுக் கோப்பையின் சத்தத்துக்குக் காது நிமிர்த்துவது, பள்ளியால் வரும் பிள்ளையைச் சந்திவரை சென்று எதிர்கொள்வது என ஒவ்வொரு நாய்க்கும் தனக்குரிய ஒழுங்குகள் உண்டு. அவற்றுள் எது நின்றுபோயிற்று என்பதை அறிந்தவரே அதன் மௌனத்தைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர். நாய் ‘சுணங்கிக் கிடக்கின்றது’ என்று கிழவியர் கூறுவது இம்மாற்றத்தையே. உறங்குதல் வேறு, சுணங்குதல் வேறு என்பதை அச்சொல்லே காட்டும்.

மாற்றத்தைக் கண்டபின்னரும் மனிதர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. அவர் தம் நெஞ்சைக் கொண்டே நாயின் நெஞ்சை அளக்கின்றனர். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு யப்பான் நாட்டு ஹச்சிக்கோ. தோக்கியோவில் ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்திலே விவசாயத்துறைப் பேராசிரியராயிருந்த உவேனோ என்பவர் வளர்த்த அந்த அக்கிதா சாதி நாய், அவர் மாலையில் மீண்டு வருவதை எதிர்பார்த்துச் சிபுயாப் புகையிரத நிலையத்துக்குச் செல்லும் வழக்கமுடையது. 1925ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் கடமையிடத்திலேயே இறந்தார். நாய் அதன் பின்னரும் ஏறக்குறையப் பத்தாண்டுகள் அந்நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1932இற் பத்திரிகையொன்று அதன் கதையை வெளியிட்டது. 1934இல் நிலையத்தின் முன்றிலிலே அதற்குச் சிலை எடுக்கப்பட்டது. நன்றி மறவாமைக்கு உதாரணமாகப் பள்ளிச் சிறுவரின் ஒழுக்கநெறிப் பாடநூலிலும் அது இடம்பெற்றது. 1935 மார்ச்சு 8ஆம் நாள் அது வீதியிலே இறந்து கிடந்தது.

அதன் உடலைச் சோதித்தபோது இருதயத்திலே புழுக்கள் காணப்பட்டன. நுளம்பினாற் பரவும் இப்புழுக்கள், மனிதரின் யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுவின் இனத்தைச் சார்ந்தவை. நாயின் இருதயத்தையும் சுவாசப்பைக் குழாய்களையும் அடைத்து அதை மூச்சிரைக்கவும் சோரவும் செய்பவை. பல்கலைக்கழகத்திலே பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த உறுப்புக்களை 2011ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தோர், சுவாசப்பையிலும் இருதயத்திலும் புற்றுநோய் இருந்ததையும் கண்டனர். ஹச்சிக்கோ தன் தலைவரை எதிர்பார்த்திருந்தது என்பதை இவ்வாராய்ச்சி பொய்யாக்கவில்லை. ஆயினும் அதன் இறுதிக் காலத்து வாட்டத்தைக் கண்டவர் அதனைத் துயரமென்று மட்டும் வாசித்திருப்பின், அவர் பாதியையே வாசித்தவராவர். நன்றியைப் போற்றிச் சிலை எடுத்த ஒரு தேசத்தின் கண்ணெதிரே ஒரு நாய் புற்றுநோயோடு நடந்து திரிந்தது.

எனவே முதலில் நோக்கவேண்டுவது உடலை. நோயுற்ற பிராணி சோர்ந்து கிடப்பது பலம் குன்றியமையால் மட்டுமே நிகழ்வதென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. கலிபோர்ணியாவைச் சேர்ந்த மிருகவைத்திய அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் என்பார் 1988ஆம் ஆண்டில் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார். காய்ச்சல் என்பது உடல் தானே மூட்டும் நெருப்பு. அதனால் நோய்க்கிருமிகள் பெருகுவது தடைப்படுகின்றது. ஆனால் உடல்வெப்பம் ஒரு பாகை செல்சியசு ஏறுவதற்கே அநுசேபம் நூற்றுக்குப் பத்துப் பங்களவில் உயரவேண்டியிருக்கின்றது. அச்செலவை ஈடுசெய்தற்பொருட்டு, ஓடுவதையும் விளையாடுவதையும் குரைப்பதையும் மூளை நிறுத்திவிடுகின்றது. கிருமியோடு போராடும் குருதிக்கலங்கள் விடுக்கும் இரசாயனத் தூதுகளே மூளைக்கு இக்கட்டளையைக் கொண்டுசெல்கின்றன. இவ்விளக்கத்தின்படி சுணங்கிக் கிடக்கும் நாய் சோம்பியிருப்பதன்று. உள்ளே கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கின்றது.

அவ்வுழைப்பிற்கு வெப்பவலய நாடுகளிற் பெரிதும் காரணமாகின்றது உண்ணி. 1910ஆம் ஆண்டிற் சென்னையில் வேட்டைநாய்களின் குருதியைச் சோதித்த பற்றன் என்பார், செங்குழியங்களினுள்ளே புகுந்து அவற்றை அழிக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டு விவரித்தார். 1935இல் அல்சீரியாவில் வேறொரு கிருமி கண்டறியப்பட்டது. உண்ணி வாயிலாகவே பரவும் அக்கிருமி வெண்குழியங்களிற் குடிகொள்வது. குருதிச் சிறுதட்டுக்களைக் குறைத்து மூக்கிலே இரத்தம் வடியச் செய்வது. வியற்னாம் போரில் அமெரிக்கப் படையினரின் பயிற்சிபெற்ற நாய்கள் பல இதனால் மாண்டபோதே உலகம் அதன் கொடுமையை நன்கு உணர்ந்தது. இந்நோய்களின் தொடக்கத்திலே காணப்படும் குறி பெரும்பாலும் மௌனமே. சோறு அரைவாசி எஞ்சும். வால் ஆடும், ஆனால் உடல் எழாது. அப்போது மேலுதட்டை உயர்த்தி முரசைப் பார்த்தல் நன்று. இளஞ்சிவப்பாயிருக்கவேண்டிய முரசு வெளிறியிருப்பின் குருதி குறைந்துவிட்டது என்பது பொருள். கொளுக்கிப்புழு மலிந்த குட்டிகளிலும் இவ்வெளிறலைக் காணலாம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 தொடக்கம் 39.2 பாகை செல்சியசு வரையுள்ளது. மனிதரின் உடல்வெப்பத்தினும் இது மேற்பட்டதாதலின், தொட்டுப்பார்த்துக் காய்ச்சல் என்று துணிவதும் இல்லையென்று துணிவதும் ஏற்றனவல்ல. உறங்கும்போது நிமிடத்துக்கு முப்பதின்மேல் மூச்சுவிடும் நாய் கவனிக்கத்தக்கது. வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையைச் சோற்றிற் குழைத்துக் கொடுப்பார் சிலர். மனிதருக்கு மருந்தாவது நாய்க்கு நஞ்சாகக்கூடும் என்பதை அவர் அறியார்.

மூட்டுவலி, பல்வலி, மாரிகாலத்து எலிமூத்திரத்தால் வரும் ஈரல் நோய், பெட்டை நாயின் கருப்பையிற் சீழ் பிடித்தல் ஆகியவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. வளவிலே நாகமோ புடையனோ தீண்டிய நாயும் திடீரென ஒடுங்கிவிடும். அதற்கு நாட்கணக்கன்று, நாழிகைக்கணக்கே உண்டு.

இவையனைத்திலும் பார்க்க அஞ்சவேண்டிய மௌனம் ஒன்றுண்டு. விசர்நாய் என்றவுடன் நுரைகக்கி, கண்சிவந்து, எதிர்ப்பட்டவரையெல்லாம் கடித்தோடும் நாயே எவருக்கும் நினைவில் எழும். விசர்நோய் இருவகையாக வெளிப்படும் என்பதும், இரண்டாம் வகையிலே நாய் ஓடாது, குரையாது, பெரும்பாலும் கடிக்கவும் முயலாது என்பதும் பலர் அறியாதவை. கடிவாயினூடாகப் புகுந்த வைரசு நரம்பு வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடைகின்றது. அதற்கு வாரங்களும் செல்லலாம், மாதங்களும் செல்லலாம். பின்னர் தொண்டைத் தசைகளும் தாடைத் தசைகளும் செயலிழக்கின்றன. கீழ்த்தாடை தொங்குகின்றது, எச்சில் வழிகின்றது, குரல் கரகரத்துப் பின் அடங்குகின்றது. நாய் கட்டிலின் கீழோ விறகுக் கொட்டிலின் மூலையிலோ இருளை நாடிப் படுக்கின்றது. அன்புள்ள வீட்டுக்காரருக்கு இக்கோலம் எவ்வாறு தோன்றும்? தொண்டையிலே எலும்பு சிக்கிவிட்டது என்றே தோன்றும். அவர் தம் கையை அதன் வாயினுள்ளே விட்டுத் தேடுகின்றார். விரலிலுள்ள சிறு கீறலொன்றே வைரசுக்குப் போதிய வாயிலாகும். நாய் அவரைக் கடிக்கவில்லை. ஆதலின் அவர் வைத்தியசாலைக்குச் செல்வதுமில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்னும் பழமொழியை நம்பியவர்க்குக் குரையாத நாயும் கடியாத நாயும் கேடுசெய்யக் கூடும் என்பது தோன்றுவதில்லை.

மனிதரிடத்தே இந்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் தப்புதல் ஏறக்குறைய இல்லை. குறி தோன்றுமுன்னரோ, பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் முதன்முதல் மனிதருக்கு ஏற்றிய தடுப்பு மருந்தின் வழிவந்த மருந்துகள் உயிரைக் காக்கவல்லன. எச்சில் பட்ட காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் முயற்சி பரவியபின் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஆண்டுதோறும் ஊசி ஏற்றப்பெற்ற நாயின் மௌனத்தை அமைதியாக ஆராயலாம். ஏற்றப்பெறாத நாயின் மௌனத்தை எட்டநின்றே ஆராய்தல் வேண்டும்.

உடலிற் குறையொன்றும் இல்லையென மிருகவைத்தியர் துணிந்தபின்னரே உள்ளத்தைப் பற்றிப் பேசுதல் முறை. அங்கும் பேசுதற்கு விடயம் உண்டு. 1924 செப்டெம்பரில் லெனின்கிராட் நகரிலே வெள்ளம் பெருகியபோது, பவுலோவின் ஆய்வுகூடத்து நாய்கள் கூடுகளினுள்ளே கழுத்தளவு நீரில் அகப்பட்டு அரிதின் மீட்கப்பட்டன. வெள்ளம் வடிந்தபின் அவற்றுட் சில தாம் கற்றவற்றை இழந்திருந்தன. கதவின் கீழாகச் சிறிது நீர் கசியவிட்டபோது மீண்டும் நிலைகலங்கின. வெடியோசைக்கு அஞ்சிக் கட்டிலின் கீழ்ப் புகும் நாயையும், வீடு மாறியபின் உண்ணாதிருக்கும் நாயையும் இவ்வொளியிலே நோக்கலாம்.

இன்னொரு வகை மௌனம் இதனினும் ஆழமானது. வைரவருடைய வாகனமென்று கோயிலிலே மாலை பெறும் பிராணி, பல வளவுகளில் முழநீளச் சங்கிலியிலே ஆண்டுக்கணக்காகக் கட்டுண்டு கிடக்கின்றது. முதலாண்டிற் குரைக்கும், இழுக்கும், மண்ணைப் பறிக்கும்; பின்னர் அடங்கிவிடும். ‘நன்றாகப் பழகிவிட்டது’ என்பர். 1967ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துச் செலிக்மன், மாயர் என்போர் இத்தகைய அடக்கத்தை ஆராய்ந்தனர். தடுக்கவோ தப்பவோ இயலாத மின்னதிர்ச்சிக்கு முன்னர் உட்பட்ட நாய்களுட் பல, பின்னர் தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினாலே தப்பலாம் என்ற நிலையிலும் தாண்டாது படுத்து அதிர்ச்சியை ஏற்றன. அவை இயலாமையைக் கற்றுக்கொண்டன என்று அன்று கூறிய அவ்விருவரும், 2016ஆம் ஆண்டில் தம் கொள்கையை மாற்றிக்கொண்டனர். நெடுந்துன்பத்தின்முன் ஒடுங்குதல் மூளையின் இயல்பே. தன் செயலால் ஏதேனும் ஆகும் என்பதே கற்கப்படவேண்டியது என்றனர். ஆராய்ச்சியின் கொடுமை பற்றி எழும் கேள்வி வேறு. ஒடுங்கிய அந்நாய்களை மீட்டற்கு இனிய சொல்லும் உணவும் உதவவில்லை. கழுத்துவாரைப் பிடித்து, தடுப்புக்கு அப்பால் மீண்டும் மீண்டும் இழுத்துச் செல்லவேண்டியிருந்தது. முதலிற் பாரமாய் இழுபட்ட நாய்கள் பின்னர் சிறிது சிறிதாக இலேசாயின. ஈற்றில் வாரை இழுக்குமுன்னரே தாமாக எழுந்து தாண்டின.