எஞ்சின் தட்டினால்...

இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பழைய அம்பாசடர் கார். எஞ்சினிலிருந்து புதிதாக ஏதோ தட்டும் ஓசை. அஞ்ச வேண்டுமா? முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். பிறகு ஓசையைக் கவனியுங்கள்.

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுற்றும்போது ஒரு வால்வு ஒருமுறைதான் திறந்து மூடும். தண்டு நிமிடத்திற்கு 900 முறை சுற்றினால், ஒரு வால்வின் தட்டல் 450 தான். சுழற்சியின் பாதி வேகத்தில் மெல்லிய 'டிக் டிக்' கேட்டால், வால்வின் இடைவெளி கூடியிருக்கலாம். அதைத் திருகிச் சரிசெய்துவிடலாம்.

ஆழ்ந்த 'டொக் டொக்' ஓசை மேடேறும்போது வலுத்தால், கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். இதை அறிய, மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரின் தீப்பொறியையும் மாறிமாறி நிறுத்திப் பார்ப்பார். பொறி இல்லையேல் வாயு எரியாது. பிஸ்டனை வேகமாகத் தள்ளாது. தேய்ந்த பேரிங்கின்மீது விழும் அடியும் குறையும். ஆகவே, எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது ஓசை தணிகிறதோ, கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

'டிக்' சில நாள் பொறுக்கும், 'டொக்' பொறுக்காது. ராடு முறிந்தால் எஞ்சினின் சுவரையே துளைத்துவிடும். அந்த ஓசை கேட்டதும் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பேரிங்கை மாற்றும் செலவு, எஞ்சினையே மாற்றும் செலவைவிட எவ்வளவோ குறைவு அல்லவா?