கண்ணுக்குள் போகும் மருந்து

எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர் சிரம்பானில் கண்புரை அறுவை செய்துகொண்டு திரும்பி நான்கு மாதமாகிறது. சென்ற வாரம் செம்பனை வெட்டப் போன பேரனுக்குக் கண்ணில் தும்பு விழுந்துவிட்டது. பாட்டி உடனே சாமி மாடத்திலிருந்த சொட்டு மருந்துப் புட்டியை எடுத்தார். "எனக்குப் பார்வை கொடுத்த மருந்தாச்சே, வாத்தியாரே!" என்றார். நான் புட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

பல நாள் திறந்து மூடும் புட்டியில் கிருமி வளராதிருக்க ஒரு காப்பு மருந்து கலப்பார்கள். பென்சல்கோனியம் குளோரைடு அவற்றுள் பெருவழக்கானது. கிருமியைக் கொல்வது கண்ணின் உயிரணுவையும் சும்மா விடுமா? ஆனால் கண்ணின் மேற்புறத் தோல் மீண்டும் வளரக்கூடியது. கண்ணீரும் மருந்தைக் கழுவிவிடும். ஆகவே பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறோம்.

உட்புறம் அப்படியல்ல. கருவிழியின் பின்பக்கம் ஒரே அடுக்காக உள்ள உயிரணுக்கள் ஓயாமல் நீரை இறைத்து வெளியேற்றுவதால்தான் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. செத்த அணுவுக்குப் பதில் புதியது முளைக்காது. நிறையச் செத்தால் கருவிழி நீர்கோத்து மங்கிவிடும். அதனால்தான் அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் கரைசலில் காப்பு மருந்து இருக்கலாகாது என்கிறார்கள். தவறிப் போய்விட்டால், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள், கிருமியே இல்லாமல் கண் உள்ளே அழன்றுவிடும்.

அப்படியானால் காப்பு மருந்தே இல்லாத சொட்டு மருந்துதான் நல்லதா? 2023-இல் நடந்ததைக் கேளுங்கள். சென்னைக்கு அருகே குளோபல் ஃபார்மா நிறுவனம் தயாரித்த செயற்கைக் கண்ணீர் அமெரிக்காவில் விற்பனையானது. பலமுறை பயன்படுத்தும் புட்டி. போதிய காப்பு மருந்தில்லை என்று அந்நாட்டு மருந்துத் துறை குறை கூறியது. மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியதாகக் கணக்கெடுத்தார்கள். நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வையிழந்தனர். தமிழக அதிகாரிகள் சோதித்த திறவாத புட்டிகளில் கிருமி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காப்பு மருந்து கலந்த புட்டியையும் திறந்து நான்கு வாரத்தில் எறிந்துவிடச் சொல்வது வழக்கம். பாட்டியின் புட்டிக்கோ நான்கு மாதம்!

பேரனைக் கிளினிக்குக்கு அனுப்பினோம். மட்டைத் துணுக்கொன்றை எடுத்துவிட்டார்கள். புட்டி எங்கே என்று பாட்டி இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.