குறும்பதிவும் துணைக்கருவிகளும்: ஓர் இரவுப்பணிக்காரியின் சோதனைக் குறிப்புகள்

போன நேரலையில் சிறுகதை பற்றிப் பேசி முடித்த பிறகு, அரட்டைப் பெட்டியில் ஓர் அக்கா கேட்டிருந்தார்: “ட்விட்டரில் நீங்கள் எழுதிய இரவுப்பணிக் குறிப்புகள் எங்கே? சுட்டியைத் தட்டினால் ஒன்றும் வரவில்லையே.” அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கான பதில். பதில் இரண்டு பாதியாக இருக்கிறது. ஒரு பாதியை நானே அழித்தேன். மறு பாதி என்னைக் கேட்காமல் போய்விட்டது. இரண்டிலும் துணைக்கருவிகளுக்குப் பங்கு உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணினி படித்தவள் இல்லை. நாகர்கோவில் பக்கம் நர்ஸிங் டிப்ளமோ முடித்து, இப்போது அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். 2011இல் ட்விட்டருக்கு வந்தேன். இரவுப்பணியில் இருபது நிமிட இடைவேளை கிடைக்கும். கதை எழுத அது போதாது, ஒரு கீச்சு எழுதப் போதும். அப்படித்தான் தொடங்கியது. எழுதுவதை எளிதாக்கும் என்று யார் எந்தக் கருவியைச் சொன்னாலும் பிடித்துப் பார்ப்பேன். அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று வருட அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன்.

மூன்றாம் தரப்பு என்றால் என்ன? ட்விட்டர் ஒரு தரப்பு, நாம் ஒரு தரப்பு. நடுவில் வந்து ஒரு வேலையைச் செய்து தருபவர் மூன்றாம் தரப்பு. எங்கள் வார்டில் மருந்து தீர்ந்தால் இன்டென்ட் எழுதி ஃபார்மசி ஜன்னலில் கொடுப்போம். உள்ளே போய் அலமாரியைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை. ஜன்னலில் இருப்பவர் எடுத்துத் தருவார். ஏபிஐ என்று கணினிக்காரர்கள் சொல்வது அந்த ஜன்னலைத்தான். வெளியிலிருந்து ஒரு செயலி சீட்டு நீட்டும்: “இவருடைய கடைசி ஐம்பது கீச்சுகளைக் கொடு”, “இவர் பெயரில் இதைப் பதிவு செய்.” அனுமதி இருந்தால் உள்ளிருந்து வரும்.

2006இல் ட்விட்டர் தொடங்கியபோது இந்த ஜன்னலைத் தாராளமாகத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் பலனை நாம் இன்னும் அனுபவிக்கிறோம். ‘ட்வீட்’ என்ற சொல்லும் பறவைச் சின்னமும் ட்விட்டரிஃபிக் என்ற வெளிச்செயலியிலிருந்து பரவியவை. திரையை விரலால் கீழே இழுத்துப் புதுப்பிக்கிறோமே, அது லோரன் ப்ரிக்டர் என்பவர் தனியாளாக எழுதிய ட்வீட்டி செயலியில் வந்தது. 2010இல் ட்விட்டர் அதை வாங்கித் தன் சொந்தச் செயலியாக்கிக்கொண்டது. தேடுபொறியும் அப்படித்தான், சம்மைஸ் என்ற வெளிச்சேவையை 2008இல் வாங்கினார்கள். ஹேஷ்டேக் போடும் வழக்கத்தை 2007இல் முன்வைத்த கிறிஸ் மெசினாவும் ஒரு பயனர்தான், ஊழியர் இல்லை. வீட்டைக் கட்டியது ஒருவர் என்றால், கதவும் திண்ணையும் வைத்தவர்கள் வேறு பலர்.

இனி எழுதும் கருவிகள். தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. ‘அம்மா’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: அ, ம, புள்ளி, ம, கால். ‘மருத்துவமனை’ நமக்கு ஏழு, கணினிக்குப் பதினொன்று. 140 குறி என்று ட்விட்டர் சொன்ன காலத்தில் நமக்குக் கிடைத்தது ஏறக்குறைய 90 எழுத்துதான். 2017 நவம்பரில் அது 280 ஆனது. ப்ளூஸ்கை கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே எண்ணுகிறது. அதன் 300 என்றால் நமக்கும் 300. அங்கே ‘அம்மா’வுக்கு மூன்றுதான். மாஸ்டடானில் வழக்கமான எல்லை 500. சில வழங்கிகளில் அதைக் கூட்டி வைத்திருப்பார்கள்.

அந்த 90 எழுத்துக்காலத்தில் நீளமாக எழுத ஆசைப்பட்டவர்களுக்கென்றே சில வெளிச்சேவைகள் இருந்தன. நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். முழு எழுத்தும் அந்தச் சேவையில் இருக்கும். கீச்சில் முதல் வரியும் சுட்டியும் மட்டும் போகும். நான் அதில் மயங்கினேன். 2013இல் ஊருக்குப் போய் அம்மாவின் கடைசி வாரத்தில் கூடவே இருந்தேன். செவிலியாகவும் மகளாகவும் ஒரே நேரத்தில் இருப்பது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. மார்ஃபின் அளவைச் சரிபார்க்கும் கை, அடுத்த நிமிடம் அவள் நெற்றியைத் தடவும். அந்த வாரமும் அதற்குப் பிறகும் எழுதியவை மொத்தம் 23 குறிப்புகள். எல்லாம் ஒரு வெளிச்சேவையில் இருந்தன. பெயர் வேண்டாம். ஒருநாள் அது மூடப்பட்டது. அறிவிப்பு வந்திருக்கலாம், எப்போதோ விட்டுவிட்ட மின்னஞ்சல் முகவரிக்கு. இன்றும் என் பக்கத்தில் அந்த 23 கீச்சுகளும் இருக்கின்றன. முதல் வரி இருக்கிறது. சுட்டி எங்கும் போவதில்லை. அக்கா, நீங்கள் தட்டிப் பார்த்தது அதைத்தான்.

கீச்சு என் கணக்கில் இருக்கிறது, ஆகவே எழுத்தும் என்னிடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். படம், நீள்பதிவு, சுருக்கிய சுட்டி மூன்றும் இன்னொருவர் கிடங்கில் இருப்பவை. அவர் கடையைப் பூட்டினால் நம் கையில் இருப்பது சீட்டு மட்டும்.

அடுத்து, வாசிக்கும் கருவிகள். ட்வீட்டெக் நினைவிருக்கிறதா? பல பத்திகளை அருகருகே வைத்து, ஒன்றில் நண்பர்கள், ஒன்றில் தமிழ் எழுத்தாளர்கள், ஒன்றில் வேலைச் செய்தி என்று பிரித்துப் படிக்கலாம். அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். 2011இல் ட்விட்டர் வாங்கியது. 2023இல் பெயர் மாறி, கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் என்றானது. கைப்பேசியில் நான் ஒரு வெளிச்செயலியில் படித்து வந்தேன். விளம்பரம் இல்லை, வரிசை கலையாது, இரவில் கண் கூசாது. 2012இலேயே ட்விட்டர் ஜன்னலைக் குறுக்கத் தொடங்கியிருந்தது. புதிய செயலிகள் 1,00,000 பயனர்களைத் தாண்ட வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். 2023 ஜனவரி 12 அன்று முன்னறிவிப்பில்லாமல் ஜன்னலே சாத்தப்பட்டது. ட்விட்டரிஃபிக், ட்வீட்பாட் போன்ற புகழ்பெற்ற செயலிகள் ஒரே இரவில் நின்றன. ஒரு வாரம் கழித்துத்தான், அதிகாரபூர்வச் செயலிக்கு மாற்றாக எதையும் உருவாக்கக் கூடாது என்ற விதியைச் சேர்த்தார்கள். ட்வீட்பாட் செய்தவர்கள் அதே மாதம் மாஸ்டடானுக்காக ஐவரி என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். திறமை போகவில்லை, தெரு மாறிப் போனது.

மாஸ்டடானிலும் ப்ளூஸ்கையிலும் ஜன்னல் இப்போது அகலமாகத் திறந்திருக்கிறது. மாஸ்டடானுக்கு ஆண்ட்ராய்டில் டஸ்கி, உலாவியில் எல்க், ஃபான்பி என்று தேர்ந்தெடுக்கலாம். ப்ளூஸ்கையில் பத்தி பத்தியாகப் படிக்க டெக்.ப்ளூ இருக்கிறது. ட்விட்டரில் பின்தொடர்ந்தவர்களை ப்ளூஸ்கையில் தேடித்தர ஸ்கை ஃபாலோவர் ப்ரிட்ஜ் என்றொரு உலாவி இணைப்பு உண்டு. பெயரை வைத்துப் பொருத்துவதால் சில நேரம் வேறு ஆளைக் காட்டும். ஒவ்வொருவராகப் பார்த்துச் சேர்ப்பது நல்லது.

மூன்றாவது, நேரம் குறித்து வைக்கும் கருவிகள். 2010இல் வந்த பஃபர் இதில் பலருக்குத் தெரிந்த பெயர். பதிவை இப்போதே எழுதி, வெளியாக வேண்டிய நேரத்தைக் குறித்துவிடலாம். எனக்கு இது பெரிய உதவி. கோடையில் இங்கேயும் ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. நான் டியூட்டி முடித்துத் தூங்கும் நேரத்தில்தான் ஊரில் படிப்பார்கள்.

ஆனால் ஒரு இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு நகைச்சுவைத் துணுக்கை மறுநாள் அதிகாலைக்குக் குறித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். கைப்பேசி லாக்கரில். அந்த இரவில் எங்கள் கீச்சுலக நண்பர் ஒருவர், எல்லாரும் அண்ணன் என்று அழைப்பவர், ஊரில் இறந்துபோனார். எல்லாரும் அஞ்சலி எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் என் துணுக்கு வந்து விழுந்தது. காலையில் பார்த்தேன். யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நேரம் அதற்குத் தெரியும், சூழ்நிலை தெரியாது. இப்போதெல்லாம் கூட்ட அறிவிப்பு, நூல் அறிமுகம் மாதிரியானவற்றை மட்டுமே குறித்து வைக்கிறேன். சிரிப்பையும் கோபத்தையும் நான் விழித்திருக்கும்போதுதான் அனுப்புவேன்.

நான்காவது, அனுமதி. தொடக்க காலத்தில் வெளிச்செயலிக்கு நம் கடவுச்சொல்லையே கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. 2010 ஆகஸ்ட் இறுதியில் ட்விட்டர் அதை நிறுத்தி, ஓஆத் என்ற முறைக்கு மாறியது. கடவுச்சொல்லைக் காட்டாமலே, ‘இந்தச் செயலி படிக்கலாம், எழுதலாம்’ என்று நாம் ஒப்புதல் தரும் முறை அது. சாவி கைமாறுவதில்லை. ஆனாலும் ஒப்புதல் பொத்தானைப் படிக்காமல் அழுத்தினால் விளைவு ஒன்றுதான். ‘உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள்?’ என்று ஒரு செயலி கேட்டது. எனக்கும் ஆசை வந்தது. அழுத்தினேன். அன்று மாலையே என் பெயரில் எடை குறைக்கும் மாத்திரை விளம்பரம் எல்லாருக்கும் தனிச்செய்தியாகப் போனது. எங்கள் சபைப் போதகரின் மனைவிக்கும் போயிருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவர் கேட்டார்: “சிஸ்டர், நான் அவ்வளவு குண்டாகவா இருக்கிறேன்?”

யார் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ட்விட்டர் எந்த வெளிச்செயலிக்கும் கொடுப்பதில்லை. ஜன்னலில் இல்லாத மருந்தைத் தருகிறேன் என்பவர் வேறு எதற்கோ வந்திருக்கிறார். அப்படி ஏதாவது நடந்தால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். அமைப்புகளில் இணைக்கப்பட்ட செயலிகள் பட்டியலுக்குப் போய் அதன் அனுமதியையும் நீக்குங்கள். ப்ளூஸ்கையில் செயலிக் கடவுச்சொல் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக ஒன்று உருவாக்கிக் கொடுக்கலாம், வேண்டாமென்றால் அதை மட்டும் நீக்கலாம். தனிச்செய்திகளைப் படிக்கும் உரிமையை நீங்களாகத் தேர்வு செய்தாலொழிய அதற்குக் கிடைக்காது.

ஐந்தாவது, அழிக்கும் கருவிகள். அக்காவுக்கான பதிலின் மறுபாதி இது. என் பழைய இரவுப்பணிக் குறிப்புகளில் நோயாளியின் பெயர் ஒருபோதும் இருந்ததில்லை. அதனால் தவறில்லை என்றே நம்பியிருந்தேன். ஒருநாள் உடன் வேலை செய்யும் மலையாளித் தோழிக்கு ஒன்றை மொழிபெயர்த்துச் சொன்னேன். “இது அந்த ஓரப் படுக்கைத் தாத்தாதானே?” என்றாள். கீச்சில் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, என் ஊர் இருக்கிறது. நான் எழுதாததை எல்லாம் அந்தப் பதிவு தானாகவே சொல்லியிருக்கிறது. அவருடைய மகள் ஒரு மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திப் படித்தால்?

அன்றிரவே ட்வீட்டிலீட் போன்ற கருவிகளைத் தேடினேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜன்னல் வழியாகக் கடைசி 3,200 பதிவுகள் வரைதான் கைக்கு எட்டும். அதற்கு முந்தையவற்றை அழிக்க, நம் கணக்கின் முழுக் காப்பகத்தையும் ட்விட்டரிடமிருந்து இறக்கிக்கொண்டு, அந்தக் கோப்பைக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். காப்பகத்தில் தனிச்செய்திகளும் இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்காமல், கேட்கும் கோப்பை மட்டும் கொடுங்கள். ஒரு வாரம் எடுத்தது. வார்டு பற்றி எழுதிய எல்லாவற்றையும் அழித்தேன். நல்ல வரிகள் சில அதில் போயின. வருத்தம் உண்டு, குற்றவுணர்வு இல்லை.

இப்போது என் வழக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். புதுக்கருவியை முதலில் யாரும் பின்தொடராத ஒரு சோதனைக் கணக்கில் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பேன். அது என்னென்ன உரிமை கேட்கிறது, செய்யும் வேலைக்கு அவ்வளவும் தேவையா, நாளை மூடினால் என் எழுத்தை எப்படி வெளியே எடுப்பது என்று பார்ப்பேன். மூன்றாவதற்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுவேன். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், எழுதியதையெல்லாம் சாதாரண எழுத்துக்கோப்பாக மடிக்கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வைப்பேன். மாஸ்டடானில் வழங்கி மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வரா. ஆகவே அங்கேயும் காப்பகத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

அந்த 23 குறிப்புகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கேள்வி கேட்ட அக்கா இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் அனுப்பினார். பிடித்தவற்றை அப்போதே நகலெடுத்துத் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. என்னுடையதில் நான்கு அவரிடம் இருந்தது. ஆறு குறிப்புகளை நான் நினைவிலிருந்து மறுபடி எழுதியிருக்கிறேன். மீதி பதின்மூன்றை எழுத முயலவில்லை. உட்கார்ந்தால் எழுதிவிடலாம்தான். ஆனால் அது இன்றைக்கு நான் எழுதுவதாக இருக்கும், அந்த வாரம் எழுதியதாக இருக்காது.

உங்களில் யாரிடமாவது ஏதாவது ஒன்று இருந்தால் அனுப்புங்கள்.